நிறுத்திய இடத்தில் வண்டி இல்லை! கர்நாடகத்தில் வாகனத் திருட்டு: யாருக்கு ஆபத்து அதிகம்?

காலை 5½ மணி. பீன்யா தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டு 6 மணிக்கு. டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வருகிறார் ஒரு தொழிலாளி. நேற்று இரவு அவர் வண்டியை நிறுத்திய இடம் காலியாகக் கிடக்கிறது. எண்ணெய் சொட்டிய கறை மட்டும் இருக்கிறது.

முதலில் அவருக்குத் தன் மேலேயே சந்தேகம். வேறு இடத்தில் நிறுத்தினோமோ? தெருவின் இரண்டு முனைக்கும் ஓடிப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுத் தம்பி அவசரத்துக்கு எடுத்துப் போனானோ என்று கதவைத் தட்டுகிறார். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறான். அரை மணி நேரம் கழித்துத்தான் விஷயம் உறைக்கிறது.

வண்டி போய்விட்டது. ஆனால் வண்டிக் கடன் போகவில்லை! அடுத்த மாதம் 5-ந் தேதி வழக்கம்போல் தவணை கேட்டு போன் வரும். இல்லாத வண்டிக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு பணம் கட்டவேண்டும்.

ஸ்ரீராமபுரம், அல்சூர், மர்பி டவுன், பொம்மனஹள்ளி என்று தமிழர்கள் நெருங்கி வாழும் எந்தத் தெருவில் விசாரித்தாலும், இப்படி வண்டியைப் பறிகொடுத்தவர் ஒருவராவது இருப்பார். பஸ்சை நம்பி ஷிப்டுக்குப் போக முடியாதவருக்கு வண்டி என்பது ஆடம்பரம் அல்ல. அது சம்பளத்தின் ஒரு பகுதி.

கணக்கு என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் திருடு போவதாகப் போலீஸ் நிலையங்களில் வழக்கு பதிவாகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் இந்தக் கணக்கைத் தொகுத்து வெளியிடுகிறது. இதில் அசைக்க முடியாத முதல் இடம் தலைநகர் டெல்லிக்குத்தான். அந்த ஒரு நகரத்தில் மட்டும் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கு மேல்!

கர்நாடகத்தில் வாகனத் திருட்டு என்றால் பெரும்பாலும் பெங்களூருவையே சொல்ல வேண்டும். இந்த நகரத்தில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை 1 கோடியைத் தாண்டிவிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வாகனங்கள். திருடு போவதிலும் பெரும்பகுதி அவைதான். காரைத் திருட கருவியும் கூட்டாளியும் வேண்டும். மோட்டார் சைக்கிளை ஒரே ஆள் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆபத்தை அளக்க முடியாது. ஒரு சிறு ஊரில் 20 ஆயிரம் வண்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஆண்டுக்கு 40 வண்டி திருடு போகிறது. இன்னொரு நகரத்தில் 20 லட்சம் வண்டிகள், 2 ஆயிரம் திருட்டுகள். பத்திரிகையில் பெரிய எழுத்தில் வருவது 2 ஆயிரம்தான். ஆனால் வண்டிக்கு வண்டி கணக்குப் போட்டால் சிறிய ஊரில் ஆயிரத்துக்கு இரண்டு, பெரிய நகரத்தில் ஆயிரத்துக்கு ஒன்று. சிறிய ஊர்க்காரருக்கே ஆபத்து இரு மடங்கு!

அரசாங்கப் புள்ளிவிவரத்தில் குற்ற விகிதம் என்று போடுவது ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை என்ற கணக்கு. எத்தனை வண்டிகளுக்கு எத்தனை என்பது அல்ல. வீட்டுக்கு இரண்டு வண்டி நிற்கும் பெங்களூருவையும், பத்து வீட்டுக்கு ஒரு வண்டி நிற்கும் கிராமத்தையும் ஒரே தராசில் நிறுத்தினால் முள் எப்படி நேராக நிற்கும்?

இன்னொன்றும் உண்டு. கத்தியைக் காட்டி வண்டியைப் பறித்தால் அது வழிப்பறிக் கணக்கில் போய்விடும். திருட்டுக் கணக்கில் வராது. புகார் கொடுக்காமல் விட்ட பழைய வண்டிகள் எந்தக் கணக்கிலும் வராது.

2024-ம் ஆண்டில் தனியார் இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்று, தன்னிடம் வந்த திருட்டு கிளெய்ம்களை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-ல் மொத்தத் திருட்டில் 9 சதவீதமாக இருந்த பெங்களூருவின் பங்கு 2023-ல் 10.2 சதவீதமாக உயர்ந்தது என்றும், சென்னையின் பங்கு 5 சதவீதத்தில் இருந்து 10.5 சதவீதமாகத் தாவியது என்றும் அதில் இருந்தது. அதைப் பார்த்து, "பெங்களூருவைவிட சென்னை மோசம்" என்று சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். அது அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கு. எந்த ஊரில் பாலிசி அதிகம் விற்றார்களோ அந்த ஊர் மேலே வரும். பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

அதே அறிக்கையில் பயன்படக்கூடிய ஒரு செய்தி உண்டு. திருடர்களுக்குப் பிடித்தது விலை உயர்ந்த வண்டி அல்ல. சாதாரணத் தொழிலாளியும் குமாஸ்தாவும் ஓட்டும் ஹீரோ ஸ்பிளெண்டர், ஹோண்டா ஆக்டிவா போன்றவைதான் முதல் வரிசையில் நிற்கின்றன. ஏன்? ஊரெல்லாம் ஓடும் வண்டிக்குத்தான் ஊரெல்லாம் உதிரிபாகம் தேவை. கூட்டத்தில் அது தனியாகத் தெரியவும் தெரியாது.

பூட்டு என்ன செய்யும்?

"ஹேண்டில் லாக் போட்டிருந்தேனே!" என்பதுதான் வண்டியைப் பறிகொடுத்தவர்கள் முதலில் சொல்லும் வார்த்தை. ஹேண்டில் லாக் என்பது உள்ளே இருக்கும் சிறு உலோகக் குச்சிதான். பழகிய பேர்வழிக்கு அது பெரிய தடை அல்ல. ஆறேழு வருடம் ஓடிய வண்டியில் சாவித் துவாரமே தேய்ந்து போயிருக்கும். வேறு சாவி போட்டாலும் திரும்பும். அப்படிப்பட்ட வண்டிகளையே தேடித் திரியும் ஆசாமிகள் உண்டு.

திருடனுக்கு வேண்டியது பணம் என்பதைவிட நேரம் என்று சொல்லலாம். அவன் கணக்கு நொடிக்கணக்கு. முன் சக்கரத்தில் ஒரு டிஸ்க் லாக், அல்லது பின் சக்கரத்தில் நுழைத்துக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டிய ஒரு சங்கிலி இருந்தால், அவன் பக்கத்து வண்டிக்குப் போய்விடுகிறான். அவனுக்கு உங்கள் வண்டிதான் வேண்டும் என்று எந்த வேண்டுதலும் இல்லை!

மேற்கு ஜெர்மனியில் நடந்த ஒரு வேடிக்கையை இங்கே சொல்லலாம். 1980-ல் அங்கே ஹெல்மெட் போடாதவருக்கு உடனடி அபராதம் என்று சட்டம் வந்தது. திருட்டைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் 1980-ல் ஒன்றரை லட்சமாக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986-ல் 54 ஆயிரமாகக் குறைந்துவிட்டது! வழியில் கண்ட வண்டியைத் திடீர் ஆசையில் எடுக்கும் பையன், கையில் ஹெல்மெட்டோடா திரிவான்? வெறுந்தலையோடு ஓட்டினால் அடுத்த முனையில் போலீஸ்காரர் மடக்குவார். கர்நாடகத்திலும் ஓட்டுபவருக்கு ஹெல்மெட் கட்டாயம். 2016-ல் இருந்து பின்னால் உட்காருபவருக்கும் அமலாகிறது. ஆனால் நம் ஊரில் ஹெல்மெட்டை வண்டியிலேயே மாட்டிவிட்டுப் போகிறோம். திருடனுக்கு முகமூடியையும் நாமே கொடுத்து அனுப்புகிறோம். கேமிராவில் தெரிவது ஹெல்மெட் மட்டுமே.

எங்கே போகிறது வண்டி?

திருட்டு வண்டிக்கு மூன்று வழி.

ஒன்று, சங்கிலிப் பறிப்புக்கு எடுத்துப் போகிறார்கள். காரியம் முடிந்ததும் எங்காவது போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட வண்டி கிடைத்துவிடும். ஆனால் அதற்கு முன்பு, வண்டி எண்ணை வைத்துக்கொண்டு போலீஸ் வந்து நிற்பது சொந்தக்காரர் வீட்டு வாசலில்தான். காலை 6 மணிக்கே புகார் கொடுத்தவருக்குக் கவலை இல்லை. "இரண்டு நாள் தேடிப் பார்ப்போம்" என்று சும்மா இருந்தவர், பறிப்பு நடந்த 9 மணிக்குத் தான் எங்கே இருந்தேன் என்று பதில் சொல்லவேண்டி வரும்.

இரண்டு, பிரித்துவிடுகிறார்கள். எஞ்சின், சக்கரம், டேங்க் எல்லாம் தனித்தனியாகப் போய்விடும். இது கிடைப்பது அரிது.

மூன்று, எல்லை தாண்டுகிறது. பெங்களூருவில் இருந்து ஓசூர் 40 கிலோ மீட்டர்தான். அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு போலீஸ். முல்பாகல் பக்கம் போனால் ஆந்திரா. ஒரு மாநிலத்தில் திருடி இன்னொரு மாநிலத்தில் விற்பது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். எண் பலகையை மாற்றிவிட்டு, குறைந்த விலைக்கு, "ஆர்.சி. புத்தகம் பிறகு தருகிறேன்" என்று தள்ளிவிடுகிறார்கள்.

எண் பலகையை மாற்றுவதைத் தடுக்கத்தான் உயர் பாதுகாப்புப் பலகை வந்தது. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த புது வண்டிகளில் அது கட்டாயம். பழைய வண்டிகளுக்கும் மாட்டவேண்டும் என்று கர்நாடக அரசு 2023 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. பிறகு கெடுவை நீட்டிக்கொண்டே போனது. அந்தப் பலகையில் ஹோலோகிராம் முத்திரை உண்டு, லேசரில் பொறித்த தனி எண் உண்டு. ஒருமுறை மாட்டினால் உடைத்துத்தான் கழற்ற முடியும். திருட்டை அது தடுக்காது. ஆனால் போலிப் பலகை மாட்டிய வண்டி சோதனையில் கண்ணில் படும்.

எண் பலகையை மாற்றியவன் சில சமயம் உங்கள் எண்ணையே மாட்டிவிடுகிறான்! உங்கள் வண்டி வீட்டு வாசலில் பத்திரமாக நிற்கும். நீங்கள் போகாத ஊரில் சிக்னல் தாண்டியதாக உங்கள் செல்போனுக்கு அபராதச் சீட்டு வரும். அதைக் கண்டால் கட்டிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. படத்தைப் பார்த்துப் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டியைப் பறிகொடுத்தவர்களும் அபராதச் சீட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது. எண்ணை மாற்றாமலே ஓட்டும் துணிச்சல்காரனும் உண்டு. எந்தச் சாலையில், எந்த நேரத்தில் வண்டி ஓடுகிறது என்பதை அந்தச் சீட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

அமிலம் சொல்லும் உண்மை

பலகையை மாற்றலாம். சேசிஸ் எண்ணை என்ன செய்வது? அது வண்டியின் இரும்புச் சட்டத்திலேயே பதிந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் ஹேண்டில் பாருக்குக் கீழே, சட்டத்தின் கழுத்துப் பகுதியில் இருக்கும். இப்போதைய வண்டிகளில் அது 17 எழுத்தும் எண்ணும் கலந்தது.

கைதேர்ந்த கும்பல் அதை ராவி எடுத்துவிட்டு வேறு எண்ணை அடிக்கிறது. பெயிண்ட் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரும்புக்கு ஞாபகசக்தி உண்டு! தொழிற்சாலையில் எண்ணை ஓங்கி அழுத்திப் பதிக்கும்போது, பள்ளத்துக்கு அடியில் உள்ள உலோகமும் நசுங்கி இறுகிப்போகிறது. மேலே ராவினாலும் அடியில் உள்ள அந்த இறுக்கம் அப்படியே இருக்கும். தடய அறிவியல் நிபுணர்கள் அந்த இடத்தை வழவழப்பாகத் தேய்த்து, தாமிர குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவுவார்கள். இறுகிய உலோகமும் மற்ற உலோகமும் ஒரே மாதிரி அரிக்கப்படுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நிழல் போல, பழைய எண் மேலே வரும். பெங்களூரு மடிவாளாவில் உள்ள மாநிலத் தடய அறிவியல் ஆய்வுக்கூடத்துக்கு இப்படி எண் அழிந்த வண்டிகள் போவதுண்டு. மிக ஆழமாக ராவிவிட்டால்தான் எதுவும் கிடைக்காது.

பழைய எண் கிடைத்து என்ன பயன்? அந்த எண்ணோடு ஒரு புகார் எங்காவது பதிவாகி இருக்க வேண்டுமே! இங்கேதான் சொந்தக்காரரின் வேலை ஆரம்பிக்கிறது.

புகாரில் ஒரு எழுத்து பிழைத்தாலும்...

வண்டியைக் காணவில்லை என்று தெரிந்ததும் 112-க்கு போன் செய்யலாம். பிறகு எந்த எல்லையில் திருடு போனதோ அந்தப் போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப இப்போது சட்டத்தில் இடம் இல்லை. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இணையம் வழியாகவும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

கன்னடம் படிக்கத் தெரியாதவர்கள் இங்கே தயங்கி நிற்கிறார்கள். வாய்மொழியாகச் சொன்னால் போலீசார் எழுதிக்கொண்டு, எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே கையெழுத்து. எப்.ஐ.ஆர். பிரதி இலவசம். கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதும் அங்கேயே நின்று மூன்று எண்களைச் சரிபார்க்க வேண்டும்: பதிவு எண், எஞ்சின் எண், சேசிஸ் எண். இவை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருப்பதால் கன்னடம் தெரியாதவரும் பார்க்கலாம்.

ஒரு சிறு குறிப்பு. 17 இலக்கச் சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்று, சைபர் என்று குழப்பம் வரும் என்பதால் உலகம் முழுவதுமே அவற்றை விலக்கிவிட்டார்கள். ஆகவே வட்டமாக ஒன்று தெரிந்தால் அது சைபர்தான். எப்.ஐ.ஆரில் அதை ஓ என்று அடித்துவிட்டால், பிற்பாடு இன்சூரன்ஸ் ஆபீசில் அந்த ஒரு எழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய நேரும்.

புகாரை வாங்க மறுத்தால்? எழுத்து மூலம், தபாலில், போலீஸ் சூப்பிரண்டுக்கு அனுப்பலாம். பெங்களூரு நகரத்தில் அந்த இடத்தில் துணை கமிஷனர் இருக்கிறார். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

திருடனுக்கு என்ன தண்டனை? பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை ஜெயில். இரண்டாவது முறை என்றால் 5 ஆண்டு வரை. பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் வாகனத்தைத் திருடினால் 7 ஆண்டு வரை போகலாம். ஆட்டோ ஓட்டும் தோழர்கள் இதைக் கவனிக்கவும்.

"ஐந்து வருட இன்சூரன்ஸ்" என்ற மயக்கம்

இனிமேல்தான் பணம். இங்கேதான் படித்த குமாஸ்தாக்களே ஏமாந்து போகிறார்கள்.

2018 செப்டம்பர் முதல், புது மோட்டார் சைக்கிள் வாங்கும்போதே 5 வருடத்துக்கு இன்சூரன்ஸ் கட்டவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. ஷோரூமில் "ஐந்து வருடம் கவலையே இல்லை" என்று சொல்லி பாலிசியைக் கையில் கொடுப்பார்கள். அந்த 5 வருடம் என்பது மூன்றாம் நபர் இன்சூரன்சுக்கு மட்டும். அதாவது உங்கள் வண்டி மோதி இன்னொருவருக்குக் காயம்பட்டால் அவருக்குக் கிடைக்கும் பணம். வண்டி திருடு போனால் அதில் இருந்து ஒரு காசு வராது!

திருட்டுக்குப் பணம் தருவது சொந்தச் சேத இன்சூரன்ஸ். அது பெரும்பாலான பாலிசிகளில் முதல் ஒரு வருடத்துக்கு மட்டும் இருக்கும். இரண்டாம் வருடத்தில் அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டாலும் போக்குவரத்துப் போலீஸ் பிடிக்காது. ஏனென்றால் சட்டப்படி கட்டாயம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே. ஆகவே நினைவுபடுத்த யாரும் இல்லை. மூன்றாம் வருடம் வண்டி போன பிறகுதான் பாலிசியைப் புரட்டிப் பார்க்கிறார்கள். பாலிசி பெட்டியில் இருக்கிறவர்கள் இன்று இரவே எடுத்து, சொந்தச் சேதத்துக்கு எதிரே என்ன தேதி போட்டிருக்கிறது என்று பார்க்கலாம்.

சரி, புதுப்பித்திருந்தால் எவ்வளவு வரும்? வாங்கிய விலை வராது. வண்டியின் வயதுக்கு ஏற்பக் கழிப்பார்கள். முதல் 6 மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. கம்பெனி விலை ரூ.90 ஆயிரம் உள்ள வண்டிக்கு, இரண்டு வருடம் முடிந்து மூன்று ஆகும் முன் பாலிசி போட்டிருந்தால், மதிப்பு ரூ.63 ஆயிரம். கடன் பாக்கி ரூ.40 ஆயிரம் இருந்தால் முதலில் அது கடன் கொடுத்தவருக்குப் போகும். மீதி ரூ.23 ஆயிரம், அதிலும் சிறு கழிவு போக, சொந்தக்காரர் கைக்கு வரும். அதுவும் உடனே அல்ல. "வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற போலீஸ் அறிக்கை வேண்டும். கர்நாடகத்தில் அதற்கு 'சி' ரிப்போர்ட் என்று பெயர். அது கிடைக்க மாதங்கள் ஆகும். அதுவரை தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டு சாவியையும் கொண்டுவா என்று கம்பெனி கேட்கும். ஒரு சாவியைத் தொலைத்துவிட்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! "சாவியை வண்டியிலேயே விட்டிருந்தாய்" என்று சொல்லிப் பணத்தை மறுக்க அது ஒரு பிடி. சாவி தொலைந்தால் அன்றே போலீசில் ஒரு தகவல் பதிந்துவைத்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். உண்மையிலேயே சாவியை விட்டிருந்தாலும் எல்லாம் போய்விடாது. டிரைவர் இடம் விசாரிக்க இறங்கியபோது சாவி வண்டியிலேயே இருந்த ஒரு வழக்கில், 75 சதவீதம் பணம் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2023-ல் தீர்ப்பு சொன்னது.

"தாமதமாகத் தகவல் கொடுத்தாய்" என்பது இன்னொரு காரணம். 2010-ல் டிராக்டரைப் பறிகொடுத்த ஒருவர் அன்றே போலீசில் புகார் கொடுத்துவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல 52 நாள் ஆகிவிட்டது. கம்பெனி கையை விரித்தது. போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்கக்கூடாது என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் கூறினார்கள். பத்து வருடம் கழித்து வந்த தீர்ப்பு! ஆகவே இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடுவதே புத்திசாலித்தனம்.

மறுத்தால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பாலிசியை ஊரில் வாங்கியிருந்தாலும், இப்போது குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போட 2019-ம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது.

ஊர் வண்டி, அண்ணன் பெயர்

தர்மபுரியில் இருந்தோ திருவண்ணாமலையில் இருந்தோ வேலைக்கு வந்தவர் தமிழ்நாட்டுப் பதிவு எண் உள்ள வண்டியோடு வருகிறார். வண்டி அண்ணன் பெயரில் இருக்கும். அல்லது இங்கேயே பழைய வண்டி ஒன்றை வாங்கி, "பெயர் மாற்றத்துக்கு எதற்கு இரண்டாயிரம் செலவு?" என்று விட்டிருப்பார். திருடு போனால் பணம் கேட்க வேண்டியது, பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான். வண்டியை விற்றுவிட்டுப் போன பழைய சொந்தக்காரருக்கு அதில் அக்கறையும் இல்லை, சட்டப்படி உரிமையும் இல்லை. வாங்கியவர் பெயரில் பாலிசியே இல்லை. நடுவில் பணம் காணாமல் போய்விடுகிறது.

வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்கி வருவது அலைச்சல்தான். ஒரு தீபாவளி லீவில் முடித்துவிடலாம்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு அபாயம். வாங்கியது திருட்டு வண்டி என்று தெரிந்தால், கொடுத்த பணம் போனதுதான். திருடனுக்கு இல்லாத உரிமை அவனிடம் வாங்கியவருக்கு வராது. தெரிந்தே வாங்கினார் என்றால் 317-வது பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை ஜெயிலும் உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் "வாகன் சமன்வய்" என்ற இணையச் சேவையில் எண்ணைக் கொடுத்து, அது திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சேசிஸ் எண்ணை வண்டியில் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, ஆர்.சி.யோடு ஒத்துப்பார்க்க வேண்டும். எழுத்துகள் கோணலாகவோ, சுற்றிலும் புதுப் பெயிண்டாகவோ இருந்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டலாம்.

ஸ்டாண்டில் விட்டால்?

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் சாந்திநகர் பஸ் நிலையத்திலோ சிட்டி ரெயில் நிலையத்திலோ வண்டியை விட்டுப் போகிறார்கள். சீட்டின் பின்னால் "சொந்தப் பொறுப்பில்" என்று அச்சடித்திருக்கும். அப்படி அச்சடித்துவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா?

டெல்லியில் ஒரு பெரிய ஓட்டலில் 1998-ல் கார் திருடு போன வழக்கில், 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இதற்குப் பதில் சொன்னது. சாவியை வாங்கிக்கொண்டு காரை ஒப்புக்கொண்ட பிறகு, தன் ஊழியர்களின் கவனக்குறைவுக்கு "சொந்தப் பொறுப்பு" என்ற வாசகத்தின் பின்னால் ஒளிய முடியாது என்றது கோர்ட்டு. அந்த வழக்கில் முக்கியமானது சாவியை ஒப்படைத்தது. சாவியை நம் பையில் போட்டுக்கொண்டு போகும் ஸ்டாண்டில் வாதம் அவ்வளவு சுலபம் அல்ல. ஆனாலும் சீட்டு இல்லாவிட்டால் வாதமே கிடையாது. சீட்டைச் சட்டைப் பையில் கசக்கிப் போடாமல், செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. எண் எழுதாமல் சீட்டுக் கொடுத்தால் எழுதச் சொல்ல வேண்டும்.

கிடைத்த வண்டி

சிலருக்கு அதிர்ஷ்டம் உண்டு. ஒருநாள் போலீஸ் நிலையத்தில் இருந்து போன் வரும்: வண்டி கிடைத்துவிட்டது!

கிடைத்தது என்றால் கையில் கிடைத்தது என்று அர்த்தம் அல்ல. அது வழக்குச் சொத்து. கோர்ட்டு உத்தரவு வேண்டும். போலீஸ் நிலைய வாசல்களில் மழையில் நனைந்து, டயர் மண்ணில் புதைந்து, சீட்டில் புல் முளைத்து நிற்கும் வண்டிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றில் பல இப்படி உத்தரவுக்காகக் காத்திருந்து மக்கியவை. வண்டிகளை நிலையத்தில் நீண்ட நாள் போட்டுவைப்பதில் எந்தப் பயனும் இல்லை, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு உடனே கொடுங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-லேயே சொல்லிவிட்டது. புதிய சட்டத்தின் 497-வது பிரிவு, 14 நாளில் சொத்தின் விவரம் எழுதிப் படம் எடுக்க வேண்டும், அதன் பிறகு 30 நாளில் முடிவு செய்ய வேண்டும் என்கிறது. சொந்தக்காரர் மனுப் போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் தாள் நகராது.

இன்சூரன்ஸ் பணம் வாங்கிய பிறகு கிடைத்தால் வண்டி கம்பெனிக்குச் சொந்தம். பணம் வருவதற்கு முன்பு கிடைத்தால் சொந்தக்காரருக்கு.

பெங்களூரு போலீசார் அவ்வப்போது மைதானத்தில் வரிசையாக வண்டிகளை நிறுத்தி, மீட்ட பொருட்களை ஒப்படைக்கும் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். நகைகளுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். கண்ணாடி இருக்காது. கலர் மாறியிருக்கும். பேட்டரி போயிருக்கும். பல மாதம் பஸ்சில் தொங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போனவருக்கு அதெல்லாம் கண்ணில் படாது. சேசிஸ் எண்ணைத் தேடிக் குனிவார். அங்கே போகும்போது ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், எப்.ஐ.ஆர். பிரதி, கோர்ட்டு உத்தரவு ஆகியவற்றின் அசலையும் நகலையும் எடுத்துப் போக வேண்டும். மாற்றுச் சாவியையும்.